மணிக்கட்டை அசைக்கும் மறைந்த கயிறுகள்

கோவில் மணியைக் கயிறு கட்டி இழுத்து அடிக்கும் பழைய வழக்கத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மணி கோபுரத்தின் உச்சியில் தொங்குகிறது. அதை அசைப்பவரோ கீழே ஒரு மூலையில், யார் கண்ணிலும் படாமல் நிற்கிறார். இருவரையும் இணைப்பது ஒரு கயிறு மட்டுமே. ஊரார் மணியோசையைக் கேட்டு எழுகின்றனர். மணியின் இனிமையைப் புகழ்கின்றனர். கயிற்றை இழுத்தவரை நினைப்பார் எவருமில்லை.

நம் கையையும் இறைவன் இவ்வாறே அமைத்திருக்கிறார். செபமாலையின் மணிகளை உருட்டுவதும், அடுப்பில் குழம்பைக் கிளறுவதும், குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவதும் விரல்களின் வேலை என்று எண்ணுகிறோம். அந்த விரல்களை ஏந்தி, வேண்டிய பக்கம் திருப்பி, உறுதியாக நிறுத்திக் கொடுப்பது மணிக்கட்டு. அந்த மணிக்கட்டை அசைப்பதற்கோ மணிக்கட்டில் தசை என்று ஒன்றுமே இல்லை! அதனை இயக்கும் தசைகள் யாவும் ஒரு முழத் தொலைவில், முழங்கையை ஒட்டி, முன்கைக்குள் மறைந்து கிடக்கின்றன.

மறைந்து கிடக்கும் இந்தத் தசைகளுள் ஒன்று, தமிழ் மண்ணிலேயே, ஆயிரக்கணக்கான தொழுநோயாளரின் கைகளுக்கு மறுவாழ்வு அளித்தது. அந்த வரலாற்றை அறிய வேண்டுமாயின், முதலில் நம் கையை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

நம் கையே பாடநூல்

இதற்குப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. வாசகர்கள் தங்கள் வலது முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்குமாறு செய்யட்டும். இடக்கையால் முழங்கைக்குச் சற்றுக் கீழே மெல்லப் பற்றிக்கொள்ளட்டும். இப்போது வலக்கையை மணிக்கட்டிலிருந்து மேலே தூக்கினால், முன்கையின் வெளிப்புறத்தில் சதை திரண்டு எழுவதை இடக்கை உணரும். பின்னர் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினால், உட்புறச் சதை திரளும். ஆனால் மணிக்கட்டையே தொட்டுப் பார்த்தால் அங்கே கைக்குத் தட்டுப்படுவன எலும்பும், விறைத்து நிற்கும் சில நாண்களுமே.

அந்த நாண்களே நாம் சொன்ன கயிறுகள். தசைநாண் என்று மருத்துவர்கள் அவற்றை அழைப்பர். மேலே பருத்த தசையாகத் தொடங்குவது, முன்கையின் நடுவில் மெலிந்து, கெட்டியான நாணாக மாறி, மணிக்கட்டைக் கடந்து கைக்குள் செல்கிறது. மணிக்கட்டைச் சுற்றி உறுதியான பட்டைகள் இந்த நாண்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை இல்லையேல், வில்லில் பூட்டிய நாண்போல் இவை தோலைத் தூக்கிக்கொண்டு வெளியே துருத்தி நிற்கும்.

தசைகளை இவ்வளவு தொலைவில் வைப்பானேன்? அத்தனை தசைகளும் கையிலேயே இருந்திருக்குமாயின், நம் கை சுரைக்காய்போல் பருத்துப் போயிருக்கும். அத்தகைய கையால் ஊசியில் நூல் கோக்க இயலுமா? எழுதுகோலைப் பிடிக்க இயலுமா? பளு மேலே தங்கிவிட்டதால் கை இலேசாயிற்று, இலேசானதால் நுட்பமாயிற்று.

எட்டு எலும்புகளும் ஐந்து கயிறுகளும்

முன்கையில் இரண்டு நீண்ட எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அரந்தி எலும்பு. அவற்றுக்கும் உள்ளங்கைக்கும் இடையில், ஒரு சிறு பையில் இட்ட கூழாங்கற்களைப்போல், எட்டுச் சிற்றெலும்புகள் இரண்டு வரிசையாக அமைந்துள்ளன. இவையே மணிக்கட்டு எலும்புகள். இவற்றுக்கு அப்பால் உள்ளங்கையின் ஐந்து எலும்புகள் தொடங்குகின்றன.

மணிக்கட்டை அசைக்கும் கயிறுகள் இந்த எட்டு எலும்புகளைப் பற்றி இழுப்பதில்லை. சுண்டுவிரல் பக்கத்தில் பட்டாணி அளவில் இருக்கும் ஓர் எலும்பைத் தவிர, மற்ற ஏழையும் அவை தாண்டிச் சென்று, உள்ளங்கை எலும்புகளின் அடியில் பிணைகின்றன. உள்ளங்கை இழுக்கப்படும்போது, நடுவிலுள்ள சிற்றெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் கொடுக்கின்றன.

முக்கியமான கயிறுகள் ஐந்து. கையின் முதுகுப்புறத்தில் மூன்று: கட்டைவிரல் பக்கம் இரண்டு, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. இவை கையை மேலே தூக்குவதால் நீட்டித் தசைகள் எனப்படும். உள்ளங்கைப் புறத்தில் இரண்டு: கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. இவை கையை உள்ளே வளைப்பதால் மடக்கித் தசைகள் எனப்படும். உட்புறத்தின் நடுவே மெல்லிய கயிறு இன்னொன்றும் உண்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றுசேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால் அது நடுவில் எழுந்து நிற்கும். சிலருக்கு அது பிறவியிலேயே இராது. இல்லாதவர்கள் அஞ்ச வேண்டா. அதனால் கைக்குக் குறை ஏதுமில்லை.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. கயிற்றைக் கொண்டு மணியைத் தள்ள முடியுமா? ஆகவே ஒரு பக்கம் இழுக்க ஒரு தசை இருக்குமாயின், மறுபக்கம் இழுக்க வேறொரு தசை இருந்தே ஆக வேண்டும். ஒன்று இழுக்கும்போது மற்றது இளகிக்கொடுக்க வேண்டும். இரண்டும் முரண்டு பிடித்தால் கை மரக்கட்டையாகிவிடும்.

ஆனால் எதிரெதிரானவை எப்போதும் எதிரிகளாகவே இருப்பதில்லை. முதுகுப்புறத் தசைகள் எல்லாம் சேர்ந்து இழுத்தால் கை மேலே எழுகிறது. உள்ளங்கைப் புறத் தசைகள் இரண்டும் சேர்ந்து இழுத்தால் கை உள்ளே வளைகிறது. ஆனால் கட்டைவிரல் பக்கத்திலுள்ள நீட்டித் தசைகளும் அதே பக்கத்து மடக்கித் தசையும் ஒரே நேரத்தில் இழுத்தால், ஒன்றின் மேல்நோக்கிய இழுப்பும் மற்றதன் கீழ்நோக்கிய இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடக் கை கட்டைவிரல் பக்கமாகச் சாய்கிறது. சுண்டுவிரல் பக்கத்திலும் இவ்வாறே. சற்று முன் எதிரெதிராக இழுத்தவை இப்போது தோழர்களாகிவிட்டன! மூலைக்கொரு கயிறாக நான்கு மூலைகளிலும் கயிறு கட்டிய கூடாரத்தைப்போல், எத்திசைக்கு வேண்டுமாயினும் கை சாய்கிறது.

பிடியின் இரகசியம்

ஒவ்வொரு தசையையும் தனித்தனியே மின்சாரத்தால் தூண்டி, அது என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர் துஷேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். உடலின் அசைவுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1867-ஆம் ஆண்டு வெளிவந்தது. தனித்து வேலை செய்யும் தசை என்று ஒன்று இல்லை, ஒரு தசை அசைக்க மற்றவை தாங்குகின்றன என்பது அவர் ஆராய்ச்சியில் துலங்கிய பெரும் உண்மை.

அதை நாமே சோதித்துப் பார்க்கலாம். கையை இறுக்கி முட்டியாக்கும்போது மணிக்கட்டைக் கவனியுங்கள். நாம் ஏவாமலேயே அது சற்றுப் பின்னோக்கி எழுகிறது. இப்போது மணிக்கட்டை முற்றிலும் உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு முட்டியை இறுக்க முயலுங்கள். முடியாது. விரல்கள் பாதியிலேயே நின்றுவிடும். குழந்தை ஒரு பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால், அதன் மணிக்கட்டை மெதுவாக உள்ளே வளைத்ததும் பிடி தளர்ந்துவிடுவதைத் தாய்மார்கள் அறிவார்கள். விரல்களை மடக்கும் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து வருகின்றன. மணிக்கட்டு உள்ளே வளைந்தால் அவை தொய்ந்துபோகின்றன; முதுகுப்புறத்து விரல் நாண்களோ விறைத்து, விரல்களை மடங்கவிடாமல் தடுக்கின்றன. ஆகவே விரல் உள்ளே மடங்கிப் பிடிக்க வேண்டுமாயின், மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் தசை உழைக்க வேண்டும். பற்றுவது விரல், பற்றுவதற்கு வலிமை தருவது முதுகுப்புறத் தசை.

நம் புதுச்சேரியிலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற பெத்தாங்க் என்னும் இரும்புக் குண்டு விளையாட்டை நகரில் இன்றும் காணலாம். ஏறத்தாழ 700 கிராம் எடையுள்ள குண்டை உள்ளங்கை கீழ்நோக்க ஏந்தி, மணிக்கட்டை உள்ளே சுருட்டிவைத்து, கையை முன்னே வீசும் தறுவாயில் மணிக்கட்டைச் சட்டென்று விரித்து விடுவர். குண்டு பின்னோக்கிச் சுழன்றவாறே பறந்து, விழுந்த இடத்தில் அதிகம் உருளாமல் நிற்கும். அந்த ஒரு கணத்தில் மடக்கித் தசையிலிருந்து நீட்டித் தசைக்கு வேலை கைமாறுகிறது.

இன்னொரு காட்சி ரொமேன் ரோலன் வீதியில். புனித சூசையப்பர் குளூனி சபைக் கன்னியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம் நகருக்கு வந்தவர்கள். அவர்களுடைய பூந்தையல் கூடத்தில் பெண்கள் மேசை விரிப்புகளிலும் கைக்குட்டைகளிலும் நுண்ணிய பூவேலை செய்கின்றனர். ஊசியை நடத்துவன விரல்நுனிகள். ஆயினும் மணிநேரக் கணக்காக மணிக்கட்டு அசையாமல் நிமிர்ந்து நின்றால்தான் ஊசி வழி தவறாது. நமக்கு ஓய்ந்திருப்பதுபோல் தோன்றும் அந்த மணிக்கட்டில், இரு புறத்துத் தசைகளும் ஓயாமல் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருக்கின்றன.

இல்லத்தரசிகளுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. ஈரத்துணிகளை நாள்தோறும் பிழிபவர்களுக்கும், அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் நெடுநேரம் உழைத்தவர்களுக்கும் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி காண்பதுண்டு. வேலை செய்தது மணிக்கட்டாயிற்றே, முழங்கை ஏன் வலிக்கிறது என்று அவர்கள் வியப்பர். மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டிலும் அதை ஒட்டிய பகுதியிலும் வேர்கொண்டிருக்கின்றன. அதிகமாக இழுக்கப்பட்டால் வலி வேரில் தெரிகிறது. சில வாரங்கள் அந்த வேலையைக் குறைத்து, பளுவை உள்ளங்கை மேல்நோக்கத் தூக்கப் பழகினால் பெரும்பாலும் குணமாகும்; ஆகாவிடில் மருத்துவரை நாட வேண்டும்.

கயிறு உண்டு, இழுப்பார் இல்லை

தசை தானாக இழுப்பதில்லை. மூளையின் கட்டளையை நரம்பு கொண்டுவந்து சேர்த்தால்தான் அது இழுக்கும். முதுகுப்புறத் தசைகளுக்கெல்லாம் கட்டளை கொண்டுவருவது ஆரை நரம்பு. அது மேற்கை எலும்பை ஒட்டிச் சுற்றி வருகிறது. எனவே மேற்கை எலும்பு முறிந்தால் அது நசுங்கக்கூடும். நாற்காலியின் சாய்மானத்தில் கையைத் தொங்கவிட்டு, அயர்ந்து வெகுநேரம் உறங்கியவர்களுக்கும் அது அழுந்திவிடுவதுண்டு. விழித்தெழும்போது கை மணிக்கட்டிலிருந்து வாடிய கீரைத்தண்டுபோல் தொங்கும். விரல்களை மடக்கும் தசைகள் பழுதின்றி இருந்தும், ஒரு செம்புத் தண்ணீரைப் பிடித்துத் தூக்க இயலாது. காரணம் நாம் முன்பு கண்டதே: மணிக்கட்டை நிமிர்த்துவார் இல்லை.

இவ்வாறு உறக்கத்தில் அழுந்திய நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் உயிர்பெறும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் தாங்கு கட்டையை மருத்துவர் பூட்டுவார்.

செங்கல்பட்டில் ஒரு கைப்பிடி

நரம்பைத் தாக்கும் நோய்களுள், நம் நாட்டில் மிகப் பெருந்துயர் விளைத்தது தொழுநோய். அதன் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ஆம் ஆண்டு கண்டறிந்தார். குளிர்ந்த இடங்களை நாடும் இக்கிருமி, தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கைக்குப் பின்னால் ஓடும் அரந்தி நரம்பும், மணிக்கட்டருகே ஓடும் நடு நரம்பும் முதலில் அதற்கு இரையாகின்றன. உள்ளங்கைக்குள் உள்ள சிறு தசைகள் செத்துப்போகின்றன. அவையே விரல்களின் அடிமூட்டை மடக்கி, நுனியை நேராக்குபவை. அவை மடிந்ததும், விரல்கள் கழுகின் நகம்போல் சுருண்டு மடங்கிவிடுகின்றன. இத்தகைய கையை ஏந்திப் பிச்சை கேட்டவர்களை நம் மூத்த தலைமுறையினர் நன்கு அறிவர்.

நம் நகரிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை செல்லும் சாலையில் உள்ளது செங்கல்பட்டு. அங்கே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு, 1947-ஆம் ஆண்டு ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். பாப்திஸ்து சபையைச் சேர்ந்த ஆங்கில நற்செய்திப் பணியாளரின் மகன். 1914-ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் பயிலுமுன் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றிருந்தார். தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளரைக் காட்டியவாறு நடந்தார்.

விரல்கள் மடங்கிய ஒருவருடைய கைக்குள் தம் கையை வைத்த பிராண்ட், முடிந்தவரை இறுக்குமாறு சொன்னார். செயலிழந்த கை, என்ன இறுக்கிவிடப் போகிறது என்று எண்ணியிருந்தார். மறுகணம் வலி தாளாமல், கையை விடுமாறு கேட்க வேண்டியதாயிற்று! நகங்கள் சதையில் பதியும் அளவுக்கு அத்தனை வலிமை அந்தக் கையில் இருந்தது.

அந்த வலியே பிராண்டுக்கு ஒளியாயிற்று. உள்ளங்கையின் சிறு தசைகள் மடிந்தன என்பது உண்மை. ஆனால் முன்கையின் பெருந்தசைகளில் பெரும்பாலானவை உயிரோடும் வலிவோடும் இருக்கின்றன! தொழுநோய் ஆரை நரம்பை அரிதாகவே தாக்கும். ஆகவே மணிக்கட்டைத் தூக்கும் தசைகளும் நலமாகவே இருக்கின்றன. கையில் வலிமை இல்லாமலில்லை. அதற்கு இசைவுதான் இல்லை. உலகம் அதைப் பயனற்ற கை என்று தள்ளிவிட்டது. அதனுள்ளே நல்ல தசைகள் வேலைக்குக் காத்திருந்தன.

மூவரில் ஒருவர்

முதுகுப்புறத்தில் நீட்டித் தசைகள் மூன்று என்று கண்டோம். மூன்றும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலை. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும், மற்ற இரண்டும் மணிக்கட்டைத் தூக்கிவிடும். அவ்வாறாயின், அந்த ஒன்றை விழுந்துகிடக்கும் விரல்களுக்குக் கொடுத்தால் என்ன?

1948-ஆம் ஆண்டு முதல் வேலூரில் பிராண்டும் அவர் தோழர்களும் தொழுநோயாளரின் கைகளில் அறுவை செய்யத் தொடங்கினர். அச்சம் மிகுந்த காலம் அது. தொழுநோயாளரைப் பொது மருத்துவமனையில் சேர்ப்பதற்கே தயக்கம் இருந்தது. தொடக்கத்தில் விரலை மடக்கும் நாண்களுள் ஒன்றை இடம் மாற்றிப் பார்த்தனர். பின்னர் பிராண்ட் மணிக்கட்டின் நீட்டித் தசையை நாடினார். அதன் நாணை உள்ளங்கை எலும்போடு பிணைந்திருந்த இடத்தில் விடுவித்தார். விரல்வரை எட்ட அதற்கு நீளம் போதாது. எனவே கெண்டைக்காலில் ஓடும் மெல்லிய நீண்ட நாண் ஒன்றை எடுத்து அதனோடு ஒட்டி, நான்கு வால்களாகப் பிரித்து, உள்ளங்கை எலும்புகளின் இடைவெளி வழியாகச் செலுத்தி, ஒவ்வொரு வாலையும் ஒவ்வொரு விரலின் பக்கத்தில் தைத்தார். காலிலிருந்து எடுத்த அந்த நாணும் சிலருக்குப் பிறவியிலேயே இராது. எடுத்துவிட்டதால் நடைக்குக் குறைவில்லை. கால் தன் மிகுதியைக் கைக்குக் கொடுத்தது; மணிக்கட்டு தன் மிகுதியை விரலுக்குக் கொடுத்தது.

அறுவையோடு வேலை முடியவில்லை. சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்ததும், நோயாளர் விரலை நீட்ட முயல்வார், விரல் அசையாது. அப்போது பயிற்சியாளர், விரலை மறந்துவிட்டு மணிக்கட்டைத் தூக்குமாறு சொல்வார். நோயாளர் மணிக்கட்டைத் தூக்க எண்ணுவார். பல்லாண்டுகளாக மடங்கிக்கிடந்த விரல்கள் நிமிரும்! தசைக்குத் தன் புதிய இடம் தெரியாது. பழைய வேலையையே அது செய்கிறது. நாளடைவில் மூளை புதிய பாடத்தைக் கற்றுக்கொள்ளும். பின்னர் விரலை நினைத்தாலே விரல் அசையும்.

நிமிர்ந்த விரலால் சோற்றைப் பிசைந்து உண்ணலாம், எழுதலாம், உழைத்து உண்ணலாம். 1951-ஆம் ஆண்டு வேலூரில் நிறுவப்பட்ட நவஜீவ நிலையத்தில், கை திருந்தியவர்களுக்குத் தச்சு வேலை முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. ஒரு காலத்தில் தச்சு கற்ற மருத்துவர், தாம் செப்பனிட்ட கைகளில் உளியைக் கொடுத்தார். கரிகிரியில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இப்பணியை வளர்த்தது. பிராண்ட் 1960-களின் நடுவில் அமெரிக்கா சென்று, 2003-ஆம் ஆண்டு காலமானார். அவர் முறைகள் பல நாடுகளுக்குப் பரவின.

இந்த வரலாற்றில் இன்னொருவரையும் நினையாமல் இருக்க இயலாது. கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ் வேலூரில் பயின்ற இளம் மருத்துவர். 1954-ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத் தண்டு முறிந்து, கால்கள் செயலற்றுப் போயின. பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அவர் தொழுநோயாளரின் கைகளில் அறுவை செய்யக் கற்றார். நடக்க இயலாதவர், பிடிக்க இயலாதவர்களின் கைகளை நிமிர்த்தினார்! 1966-ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழ அவரே காரணமானார். 1972-ஆம் ஆண்டு அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. முன்கைத் தசையின் பாடத்தை அவர் தம் வாழ்விலேயே எழுதிக் காட்டினார். எது போயிற்று என்று எண்ணி அழுவதைவிட, எது எஞ்சியிருக்கிறது என்று தேடுவதே மேல்.

இன்று நாம் செய்யத்தக்கவை

தொழுநோய் இன்று மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய். 1980-களின் தொடக்கத்திலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசம். நம் கோரிமேட்டு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் மேல்சிகிச்சையும் கிடைக்கிறது. தேசிய அளவில் நோய் மிகவும் குறைந்துவிட்டது என்று 2005-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2023-ஆம் ஆண்டில்கூட நம் நாட்டில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இந்நோய் உள்ளவராகக் கண்டறியப்பட்டனர். நோய் போய்விட்டது என்று நாம் மறந்துவிட்டோம். நோய் நம்மை மறக்கவில்லை.

தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல், கையிலோ காலிலோ மரமரப்பு, சுண்டுவிரல் மெல்ல மடங்குதல், பொத்தானைப் போட விரல் தடுமாறுதல் ஆகியவை கண்டால் காலம் தாழ்த்தலாகாது. நரம்பு மடியுமுன் மருந்து கொடுத்தால், கயிற்றை மாற்றிக் கட்டும் தேவையே எழாது. உணர்ச்சியற்ற கையுடையோர் சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தொடலாகாது. விரல்கள் குறைந்துபோவது நோய் சதையை அரிப்பதால் அன்று; வலி தெரியாமல் சுட்டுக்கொண்டும் வெட்டுண்டும் வரும் புண்களாலேயே என்பதை நிலைநாட்டியவரும் பிராண்டே.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு. மருந்து உண்ணத் தொடங்கியவரிடமிருந்து மற்றவருக்கு நோய் பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கிறிஸ்தவருக்கான மணமுறிவுச் சட்டம் உள்ளிட்ட சட்டங்களில் தொழுநோய் ஒரு காரணமாக இருந்துவந்தது. 2019-ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது நம் நெஞ்சிலிருந்தும் நீங்க வேண்டும். பிரெஞ்சுக் கத்தோலிக்கரான ரவுல் ஃபொல்லெரோ 1954-ஆம் ஆண்டு தொடங்கிய உலகத் தொழுநோயாளர் நாள், ஜனவரி மாதத்துக் கடைசி ஞாயிறன்று இன்றும் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் நம் பங்குகளில் ஒரு செபத்தோடு ஒரு பரிசோதனை முகாமும் நடைபெறுமாயின் எத்துணை நன்று!

கையை நீட்டச் சொன்னவர்

ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய ஒருவரை ஆண்டவர் நடுவில் நிற்கச் செய்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மருத்துவர் என்று அறியப்படும் புனித லூக்காஸ், அது வலக்கை என்பதையும் குறித்துவைக்க மறக்கவில்லை. உழைக்கும் கை, உண்ணும் கை அது. குற்றம் காணக் காத்திருந்தவர்கள் சுற்றிலும் இருக்க, ஆண்டவர் அம்மனிதரிடம் கேட்டது ஒன்றே: கையை நீட்டும்படி கேட்டார். எது அவரால் இயலாதோ அதையே கேட்டார். அவர் நீட்டினார், கை நலமடைந்தது.

ஆண்டவர் ஒரு சொல்லால் செய்ததை, அவருடைய அடியார்கள் ஊசியும் நூலும் பொறுமையும் கொண்டு செய்கிறார்கள். உடலின் உறுப்புகளுள் ஒன்று மற்றொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருள், திருத்தப்பட்ட அந்தக் கைகளில் கண்கூடாகத் தெரிகிறது. மணிக்கட்டுக்கு மூன்று தசைகள் இருந்தன. ஒன்று விழுந்தவருக்காகப் போயிற்று. மற்ற இரண்டும் முணுமுணுக்காமல் அதன் வேலையையும் ஏற்றுக்கொண்டன. நம் வீட்டிலும் பங்கிலும், ஒருவருக்குப் போதுமான வேலைக்கு மூவர் இருக்கும் இடங்கள் இல்லையா? நம் நேரத்திலும் பொருளிலும், எடுத்துக் கொடுத்தாலும் நம் நடைக்குக் குறைவு வராத மெல்லிய நாண் ஒன்றேனும் இராதா?

நாளை காலை கோவிலில் சமாதானம் கூறிக் கைகூப்பும்போது, நம் மணிக்கட்டுகள் இரண்டும் பின்னோக்கி வளைந்திருப்பதைக் கவனிப்போம். அவற்றை அங்கே நிறுத்தி வைத்திருக்கும் தசைகள் சட்டைக் கைக்குள் மறைந்திருக்கின்றன. அவற்றை அங்கே வைத்தவருக்கு நன்றி கூறுவோம். பின், கைகூப்ப இயலாத ஒருவர் அருகில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்ப்போம்.